துரையின் அங்க அடையாளங்கள்

அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறதைப் பாத்துட்டுத்தான் முன் சீட்டை விட்டுட்டு இங்க வந்து உக்காந்தேன். நாகர்கோவில்தானே? நல்லதாப் போச்சு. இந்த வண்டி நாலு பத்துக்கு வடசேரி போய்ச் சேரணும். சேராது. திருநெல்வேலியிலயே ஆறு நிமிஷத்தைத் தின்னுட்டான். குறை சொல்லல, நமக்குத் தொழிலே அதுதான். டைம் கீப்பர். தென்காசிப் பக்கம் ஒரு சின்ன பஸ் ஸ்டாண்டுல இருபத்தாறு வருஷமா எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்துது, எத்தனை மணிக்குப் போச்சுன்னு எழுதிக்கிட்டுக் கெடக்கேன்.

எனக்கு ஒரு உதவி செய்யணும். இந்தப் புஸ்தகத்துல ஒரு ஆளைப் பத்தி எழுதிருக்கு. பேரு துரை. ஆளு கறுப்பா செவப்பா, நெட்டையா குட்டையா, ஏதாச்சும் அடையாளம் போட்டிருக்கான்னு படிச்சுச் சொல்லணும். அஞ்சு மணிக்குள்ள அவனை நான் கண்டுபிடிச்சாகணும்.

என் பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிட்டான் அண்ணாச்சி. இன்னியோட பத்தொம்பது நாளு.

ஒரே பிள்ளை. உலகம்மாள்னு பேரு, எங்க தென்காசி அம்மன் பேரு. வீட்ல உலகுன்னு கூப்பிடுவோம். இந்த வருஷம் பன்னெண்டாவது முடிச்சிருக்கு. ஐநூத்தி இருபத்தொண்ணு மார்க்கு. வீட்ல இருக்கா இல்லியான்னே தெரியாது, அவ்வளவு அமைதி. அப்படி வளத்திருக்கேன். காலைல அவ அம்மா பள்ளிக்கூடத்துல கொண்டு விட்டதும் எட்டு அம்பதுக்கு எனக்கு மிஸ்டு கால் வரணும். சாயங்காலம் நாலு பத்துக்கு மணி அடிக்கும். நாலு அஞ்சுக்கே நான் கேட்டு முன்னால பைக்கோட நிப்பேன். அதுக்காகவே கெஞ்சிக் கூத்தாடி காலை ஷிப்டு வாங்கினேன். ஆறாங்கிளாஸ்ல இருந்து ஏழு வருஷம். மழையா, வெயிலா, ஒரு நாள் தவறினதில்ல. ஒரே ஒரு நாள், காய்ச்சல்ல எந்திரிக்க முடியாமப் படுத்துட்டேன். அதைத் தவிர ஒரு நாள் கிடையாது. எந்தத் தகப்பன் செய்வான் சொல்லுங்க?

படிக்க வேண்டாம்னு நான் சொல்லல. அதை நல்லாக் கேட்டுக்கிடுங்க, ஊர்ல வேற மாதிரி பேசுதாங்க. கரஸ்ல படி, வீட்ல இருந்தே எழுதுன்னேன். அவளுக்கு ஜியாக்ரபி படிக்கணுமாம். அதுவும் நாகர்கோவில்ல போயி, ஹாஸ்டல்ல தங்கி. மேப்பு வரையறதுன்னா பைத்தியம் அவளுக்கு. பழைய டிரிப் ஷீட்டு நான் வீட்டுக்குக் கொண்டு வந்தா, பின்பக்கம் பூரா ஆறும் மலையுமாப் போட்டு வச்சிருப்பா. தாள்லயே உலகம் பூரா பாத்தாச்சே, அப்புறம் எதுக்கு ஹாஸ்டலு? அதான் டி.சி., மார்க் ஷீட்டு எல்லாத்தையும் பள்ளிக்கூடத்துல நானே கையெழுத்துப் போட்டு வாங்கி, பீரோல வச்சுப் பூட்டினேன். பூட்டினேன்னா, பத்திரமா வச்சேன்.

நாங்குநேரி வந்துட்டுது பாருங்க. மூணு மணிக்கு வரணும். மூணு எட்டு.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங். பத்தொம்பது நாளைக்கு முன்ன, விடியக்காலம், நான் டூட்டிக்குக் கிளம்பின பெறகு பையை எடுத்துட்டுப் போயிட்டா. போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுனேன். அங்க எனக்கு முந்தி, அவ ரெண்டு நாள் முன்னயே தபால்ல போட்ட லெட்டரு வந்து கெடக்கு. பதினெட்டு வயசாச்சு, படிக்கத்தான் போறேன், என்னை யாரும் கடத்தலன்னு. எஸ்.ஐ. மேடம் அதை என் மூஞ்சிக்கு நேரா நீட்டி, பிள்ளை மேஜர் சார், நாங்க ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாங்க. அண்ணாச்சி, கடைக்காரன்ட்ட மிச்சச் சில்லறை கேக்கத் தெரியாது என் பிள்ளைக்கு. அதுக்கு இவ்வளவு சட்டம் எப்படித் தெரியும்? யாரோ பின்னால நின்னு சொல்லிக் கொடுத்திருக்கான்னு அப்பவே பிடிச்சுட்டேன்.

அவ துணிக்கு அடியில கிடைச்சுது இந்தப் புஸ்தகம். ஸ்லாம் புக்காம். பன்னெண்டாவது முடிக்கிற பிள்ளைகள் ஒருத்திக்கொருத்தி எழுதிக் கொடுப்பாளுகளாம். பட்டப்பேரு என்ன, மறக்க முடியாத நாள் எது, வருங்காலத் திட்டம் என்னன்னு அச்சடிச்சு இடம் விட்டிருக்கு. எழுதினது பூரா தமிழு, ஆனா இங்கிலீஷ் எழுத்து. வேணும்னே அப்படி எழுதுவாளுக, வீட்ல உள்ளவங்களுக்குப் புரியக்கூடாதுன்னு. நான் இங்கிலீஷ்ல ஊர் பேரு வாசிப்பேன், அவ்வளவுதான். ரீசார்ஜ் கடை வச்சிருக்க அம்மாட்ட கொண்டு போனேன். ரெண்டு பக்கம் படிச்சுது. இதுல துரை துரைன்னு ஒரு ஆளு நிறைய வருது அண்ணேன்னுது. மூணாவது பக்கம் படிச்சுது. என்னை ஒரு மாதிரி பாத்துது. மிச்சத்தை நீங்களே படிச்சுக்கிடுங்கன்னு மூடிக் கொடுத்திட்டுது. பொம்பளை வாயால சொல்ல முடியாத மாதிரி என்ன எழுதிருக்கோன்னு புஸ்தகத்தைச் சட்டைக்குள்ள சொருகிட்டு ஓடுனேன்.

வீட்ல வந்து, யாருட்டி இந்தத் துரைன்னு கேட்டேன். எங்க வீட்ல இருக்காளே, அவ இந்தப் பத்தொம்பது நாளா என்கூட சரியாப் பேசுறதில்ல. பாத்திரம் கழுவிக்கிட்டே சொல்லுதா, "தேடுங்க, கண்டிப்பாக் கிடைப்பாரு"ன்னு. கிடைப்பாராம்! பிள்ளையைக் கெடுத்தவனுக்கு மரியாதையைப் பாருங்க.

தேடுனேன் அண்ணாச்சி. பஞ்சர் கடை துரை ஒருத்தன், சட்டையைப் பிடிச்சு உலுக்கிட்டேன், பாவம் அழுதுட்டான். கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளை அவனுக்கு. ரேஷன் கடையில ஒரு துரை, அறுபது வயசு. இன்னொரு துரை மூணு மாசத்துக் கைக்குழந்தை. கூடப் படிச்ச பிள்ளைகள் வீடு வீடாப் போனேன். துரை யாருன்னு கேட்டா, ஒருத்தி மூஞ்சி வெளிறிப் போயி உள்ள ஓடிட்டா. ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாம துப்பட்டாவை வாயில திணிச்சுக்கிட்டா. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டுந்தான் தெரியல.

இன்னிக்குக் காலைல அவ அம்மா செல்லுக்கு ஒரு மெசேஜ் வந்துது. காலேஜ்ல இருந்து. அப்ளிகேஷன்ல அந்த நம்பரைக் கொடுத்திருக்கா. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஒரிஜினல் டி.சி. கொடுக்கலைன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிருமாம். அந்த டி.சி. இந்தா, இந்த மஞ்சப் பையில இருக்கு. அவ கையில ஜெராக்ஸுதான். அதை வச்சுக்கிட்டு டைம் கேட்டு ஆபீஸ் வாசல்ல நிப்பா. எலிப்பொறியில தேங்காச்சில்லு வைக்கிற மாதிரி, இது என் கையில இருக்கிற வரைக்கும் அவ என்கிட்ட வந்துதானே ஆகணும்? டி.சி. வேணும்னா வீட்டுக்கு வா, கரஸ்ல சேருன்னு சொல்லுவேன். கூட அந்தத் துரையும் நிப்பான்லா. ஆளு அடையாளம் தெரியாமப் போயி எவனையாவது பிடிச்சா மறுபடியும் அசிங்கம். அதான் கேக்கேன், படிங்க.

முதல்ல எழுதிருக்கது யாரு, கூடப் படிச்ச முப்பிடாதியா? "குளோபு"ன்னு ஆரம்பிச்சிருக்கா? அது உலகுக்குப் பட்டப்பேரு. உலகம், குளோபு. பரவால்ல, படிங்க. "டூருக்குக் கன்னியாகுமரி போனோம். துரை விடமாட்டார்னு தெரியும். உன் சீட்ல உன் பேரை எழுதி ஒட்டி, கடைசி வரைக்கும் ஒருத்தரையும் உக்கார விடல."

பாத்தீங்களா! டூருக்குப் போவக்கூடாதுன்னு தடுத்திருக்கான். எனக்கே தெரியாம என் பிள்ளையை எவனோ அதட்டி வச்சிருக்கான் அண்ணாச்சி. இல்ல, நானும்தான் விடல. கடலு, அலை இழுத்துட்டுப் போச்சுன்னா யாரு பொறுப்பு? அது வேற. அடுத்த பக்கம் போங்க.

ஜெனிட்டா. எங்க தெருதான். "நீ சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கிடுவே. ஏன்னு கேட்டா, துரைக்குச் சத்தம் கேட்டிரும்னு சொல்லுவே. நாம இருக்கிறது மூணாவது மாடி, லூசு. ஒரு நாளாவது வாய் விட்டுச் சிரி."

சத்தம் கேட்டிருமாமா? அப்ப அவன் பள்ளிக்கூடத்துக்கு வெளியதான் நின்னிருக்கான். ஏழு வருஷமா அந்தக் கேட்டு முன்னால நான் நின்னேனே, என் கண்ணுக்கு எப்படித் தப்பினான்? பக்கத்துல ஐஸ் வண்டிக்காரரு உண்டு. எதிர்ல ஒரு தையக்கடை. வேற ஆளே கிடையாது அண்ணாச்சி, சத்தியமா. எல்லாத்தையும் நோட்டம் விட்டுக்கிட்டுத்தானே நிப்பேன்.

ஏன் நிறுத்திட்டீங்க? அந்த ரீசார்ஜ் கடை அம்மாவும் இந்தப் பக்கத்துலதான் நிறுத்திச்சு. என்ன தலைப்பு? "துரையின் அங்க அடையாளங்கள்." அய்யோ, அதானே வேணும்! டி.சி.யில போடுவாங்கள்லா, அதே மாதிரி எழுதிருக்காளா? சூட்டிகையான பிள்ளை. இருங்க, பேனா வச்சிருக்கேன், டிக்கெட்டுக்குப் பின்னால எழுதிக்கிடுதேன். மெதுவாச் சொல்லுங்க.

ஒண்ணு. வாட்சை மணிக்கட்டுக்கு உள்பக்கமாக் கட்டியிருப்பார். எழுதிட்டேன்.

ரெண்டு. கழுத்துல விசில். விசிலா? போலீஸ்காரனா இருப்பானோ? சரி, எழுதிட்டேன்.

மூணு. "நாலு பத்துக்கு ரெண்டு தரம் ஹாரன் அடிப்பார். மூணாவது தரம் அடிக்க விடக்கூடாது. ஓடு குளோபு, ஓடு."

வள்ளியூர் தாண்டியாச்சா? எப்பத் தாண்டுச்சு? இப்ப மணி என்ன...

இல்ல. ஒண்ணுமில்ல. கையைப் பாக்காதீங்க. இப்படி உள்பக்கமா வாட்சு கட்டுறவங்க நிறைய பேரு உண்டு. டிரைவரு பாதிப் பேரு இப்படித்தான் கட்டுவாங்க, கண்ணாடில கீறல் விழாது. விசில் என்ன, கடையில எல்லாருக்கும் கொடுக்கான். என் சட்டைக்குள்ளயும் ஒண்ணு கெடக்கு, டூட்டி இல்லாட்டியும் கழட்டுறதில்ல, பழக்கம். அதுக்காக? ஹாரன் யாரும் அடிக்கலாம். பிள்ளைகள் என்னத்தையாவது எழுதும். நீங்க அதை வச்சு என்னை அப்படிப் பாக்கக்கூடாது அண்ணாச்சி.

வேற பக்கம் போங்க. அவளே எழுதின பக்கம் ஒண்ணு கடைசில இருக்கு, கையெழுத்து எனக்குத் தெரியும். அதைப் படிங்க. அதுல அவன் யாருன்னு தெளிவா இருக்கும்.

மறக்க முடியாத நாள். ம். "பிசிக்ஸ் பரீட்சை அன்னிக்கு துரைக்குக் காய்ச்சல். கூட்டிட்டுப் போக யாரும் வரல. தனியா நடந்து வந்தேன். வாய்க்கால் பாலத்துல உக்காந்து ஒரு கொய்யாக்கா முழுசாத் தின்னேன். வீட்டுக்கு வந்து துரைக்கு நெத்தியில ஈரத்துணி போட்டேன். காய்ச்சல் குறையணும்னும் இருந்துச்சு. இன்னும் ஒரு நாள் இருந்தா நல்லதுன்னும் இருந்துச்சு. நான் கெட்டவளா?"

...

காய்ச்சல் எனக்குத்தான் அண்ணாச்சி.

பிசிக்ஸ் பரீட்சை அன்னிக்குத்தான். எந்திரிச்சு சட்டையை மாட்டிட்டு வாசல்ல விழுந்துட்டேன். அவ அம்மாவும் என்னைப் பாத்துக்கிட்டு வீட்லயே இருந்துட்டா. பிள்ளை நாப்பது நிமிஷம் லேட்டா வந்தா. அந்தக் காய்ச்சல்லயும் நான் கேட்டது, ஏன் நாப்பது நிமிஷம்னுதான். பரீட்சை நல்லா எழுதினியான்னு கேக்கல. ஈரத்துணியைப் பிழிஞ்சு போட்டா. ராத்திரி ரெண்டு தரம் மாத்திப் போட்டா. கையில கொய்யாக்கா வாசம் இருந்துது. நான் அதையும் கேட்டேன்.

துரையாம். நான் துரையாம்! ரெண்டு வருஷமா ஒரு கிளாஸே என்னைத் துரை வந்துட்டாரு, துரை நிக்காருன்னு சொல்லிருக்கு. நான் அந்தக் கேட்டுல நிக்கும்போது பிள்ளைகள் குனிஞ்சு சிரிச்சுக்கிட்டே போவும். நல்ல அடக்கமான பிள்ளைகள்னு நினைச்சுக்கிடுவேன். எங்க வீட்ல உள்ளவளுக்கும் தெரிஞ்சிருக்கு. கண்டிப்பாக் கிடைப்பாருன்னாளே. கிடைச்சிட்டாரே!

நான் என்ன அண்ணாச்சி தப்பு செஞ்சேன்? அடிச்சேனா? குடிச்சேனா? சின்னப் பிள்ளையில சைக்கிள்ல இருந்து விழுந்து புருவம் கிழிஞ்சுது, மூணு தையல். அன்னிக்குச் சாயங்காலமே சைக்கிளை வித்துட்டேன். இனிமே அப்பாவே வந்து கூட்டிட்டு வாறேன்னேன். அப்ப அவ கையைத் தட்டிச் சிரிச்சா அண்ணாச்சி. அந்தச் சிரிப்பு எந்த வருஷத்துல நின்னுதுன்னு எனக்குத் தெரியல. வண்டி நிமிஷம் பிந்தினா தெரியுது. இது தெரியல.

இன்னொண்ணு சொல்லுதேன், யாருட்டயும் சொன்னதில்ல. அவ போனது நான் அனுப்பி விட்ட பஸ்ல. அஞ்சு நாப்பது நாகர்கோவில் வண்டி. கண்டக்டரு மறுநாள் வந்து, அண்ணே, உங்க பிள்ளை நம்ம வண்டியிலதான் வந்துது, நீங்கதான் ஏத்தி விட்டீங்கன்னு நினைச்சேன்னான். டிரைவரு டீ குடிச்சுக்கிட்டு நின்னான் அன்னிக்கு. நாலு நிமிஷம் லேட்டு. நான் தொண்டை கிழியக் கத்தி, அவனை ஏத்தி, விசில் அடிச்சு அனுப்பினேன். உள்ள யாரு இருக்கான்னு பாக்கல. கடியாரத்தைத்தான் பாத்தேன். அவளுக்குத் தெரியும், நான் கடியாரத்தைத்தான் பாப்பேன்னு. நோட்டுல என் கையெழுத்துல இருக்கு, அஞ்சு நாப்பத்திநாலு. தினம் டூட்டில உக்காந்து அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பாக்கேன்.

அதுல இன்னும் ஒரு வரி இருக்கா? வருங்காலத் திட்டம். படிங்க. எல்லாப் பிள்ளையும் டாக்டரு, டீச்சரு, போலீஸுன்னு எழுதிருக்கும். இவ என்ன எழுதிருக்கா?

"ஒரு நாள் சாயங்காலம் மணி என்னன்னு தெரியாம இருக்கணும்."

அவ்வளவுதானா? திருப்பிப் பாருங்க, பின்னால ஏதாச்சும் இருக்கும். இல்லியா?

இதை என்கிட்ட கேட்டிருந்தா கொடுத்திருக்க மாட்டேனா? ...கொடுத்திருக்க மாட்டேன்.

ஆரல்வாய்மொழி. கரண்டு எடுக்கிற காத்தாடி எல்லாம் தெரியுது. இன்னும் அரைமணி நேரம் கூட இல்ல. அண்ணாச்சி, நான் இப்ப என்ன செய்ய? நீங்க சொல்லுங்க. வண்டியை விட்டு இறங்கி நேரா ஆபீஸுக்குப் போனா, என்னைக் கண்டதும் ஓடிருவா. நான் நிக்கிற நிழலைப் பாத்தாலே ஓடிருவா. அவ ஓடினா அஞ்சு மணி ஆயிரும், ஆபீஸை அடைச்சிருவான், சீட்டு அடுத்த பிள்ளைக்குப் போயிரும். போவாம இப்படியே திரும்பினாலும் சீட்டு போச்சு. சீட்டு போச்சுன்னா வீட்டுக்கு வந்துருவான்னுதான் காலைல இருந்து நினைச்சேன். வர மாட்டா. இந்தப் புஸ்தகத்தைக் கேட்ட பெறகு தெரியுது. மில்லுக்கு வேலைக்குப் போனாலும் போவா, என் பைக்குல பின்னால ஏற மாட்டா.

நீங்க எங்க இறங்கணும்? வடசேரிதானே? அங்கேருந்து ஆட்டோல பத்து நிமிஷம் அந்தக் காலேஜு. ஆட்டோத் துட்டு நான் தாறேன்.

முடியாதுன்னு சொல்லிராதீங்க. காலைப் பிடிக்கச் சொன்னாலும் பிடிக்கேன். இந்தாங்க பை. கவர்ல டி.சி. இருக்கு, மார்க் ஷீட்டு இருக்கு, சாதிச் சான்றிதழ் இருக்கு. எல்லாம் ஒரிஜினலு. அந்தக் கூட்டத்துல அவளை எப்படிக் கண்டுபிடிக்கதுன்னு கேக்கீங்களா? டி.சி.யிலயே போட்டிருக்கு பாருங்க, அங்க அடையாளம்: இடது புருவத்துல தழும்பு. வாயைப் பொத்திக்கிட்டு நிக்கும். அதான் என் பிள்ளை.

அவ கையில கொடுத்தது எத்தனை மணி, எத்தனை நிமிஷம்னு எனக்கு ஒரு போன்... வேண்டாம். நேரம் வேண்டாம். கொடுத்தாச்சுன்னு மட்டும் சொல்லுங்க. இதைக் கொடுத்துட்டா அவளைத் திருப்பி இழுக்க என் கையில வேற ஒண்ணும் கிடையாது அண்ணாச்சி. தெரிஞ்சுதான் கொடுக்கேன். கை விட மாட்டேங்குது பாருங்க. நீங்களே பிடிச்சு இழுத்துக்கிடுங்க.

வடசேரி வந்துட்டுது. நாலு இருபத்தாறு. நான் இறங்கல, வண்டியிலயே இருக்கேன், எந்திரிச்சா உங்க பின்னால வந்துருவேன். இறங்குங்க, இறங்கி ஓடுங்க.

யார் கொடுத்து விட்டான்னு கேப்பா. அப்பான்னு சொன்னா வாங்க மாட்டா, சுத்தி முத்தி பாத்துட்டு ஓடிருவா.

துரை கொடுத்தாருன்னு சொல்லுங்க. துரை வரலைன்னும் சொல்லுங்க.